அம்சாக்கா பேசாத ஞாயிறு

1

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஓவியர் பிறந்த ஆண்டு. ஓவியர் இறந்த ஆண்டு. முதல் கட்டத்தை நிரப்பினேன். இரண்டாவதன் மேல் பேனாவை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். பக்கத்து நாற்காலியில் முழங்காலிட்டுக்கொண்டு என் மகள் சாதனா நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழு வயது. டச்சு மொழியை என்னைவிட வேகமாகப் படிப்பாள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, அடியில் என் கையெழுத்தைப் போட்டு, படிவத்தை மடித்து உறையில் போட்டேன்.

நாங்கள் ராட்டர்டாமுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கணவருக்குத் துறைமுகத்தில் கணினி வேலை. "அங்கயும் ஹார்பர், இங்கயும் ஹார்பர், உனக்கு இன்னா கஷ்டம்?" என்று ஊரில் கேட்பார்கள். கஷ்டம் ஒன்றுமில்லை. இங்கே கொடியில் காயும் துணியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிவதில்லை. ஆனாலும் துணியை எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் இரண்டு உதறு உதறிவிட்டுத்தான் மடிக்கிறேன்.

எங்கள் பகுதி நூலகத்தில் செய்தித்தாள் கார்ட்டூன்களுக்கு ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். இந்த நாட்டின் பழைய ஓவியர்கள், இப்போது வரைபவர்கள், கூடவே ஒரு சுவர் முழுக்க இங்கே குடியேறியவர்களின் ஊர்ப் பத்திரிகைப் படங்கள். பள்ளியில் இதைச் சொன்னதுமே சாதனா கையைத் தூக்கிவிட்டாள். "என் தாத்தா வரைவார்."

படிவம் வாங்கப் போனபோது, நூலகத்தில் வேலை செய்யும் மார்லீஸ் குனிந்து அவளிடம் கேட்டார்: "இப்போதும் வரைகிறாரா?"

"ஒவ்வொரு ஞாயிறும்."

மார்லீஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் அப்பா இறந்து அடுத்த மாதம் ஒரு வருடம் ஆகிறது.

2

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் டைம்கீப்பராக இருந்தார். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று பதிவேட்டில் குறிக்கிற வேலை. ஷிப்டு முடிந்து வந்து குளித்துவிட்டு, இஸ்திரி மேசையைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு வரைய உட்காருவார்.

அவருடைய படம் வந்தது பெரிய நாளிதழில் அல்ல. ராயபுரத்திலிருந்து அவருடைய நண்பர் சலீம் மாமா நடத்தும் நாலு பக்க வாரப் பத்திரிகையில். ஞாயிறு காலையில் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி ஏரியா பத்திரிகை. பெரும்பகுதி விளம்பரம்: டியூஷன், பீரோ, மூட்டுவலி. மிச்ச இடத்தில் கொஞ்சம் செய்தி, அதன் நடுவில் நைனாவின் கட்டம். கம்பெனிக்குத் தெரிந்தால் கேள்வி வரும் என்று 'ஷிப்டு' என்று கையெழுத்துப் போடுவார். ஷிப்டு யார் என்று எங்கள் தெருவுக்கே தெரியாது.

படத்தில் எப்போதும் இரண்டு பேர். மூன்றடுக்கு கேரியரோடு வேலைக்குக் கிளம்பிய ஓர் ஆள். அவர் வாயே திறக்க மாட்டார். எதிரில் மீன்கூடையோடு அம்சாக்கா. அவள் தலைக்கு மேலேதான் பலூன், அதற்குள் அவள் பேச்சு. "தண்ணி லாரி வர்துன்னு கொடத்த வெச்சேன் சார், கொடத்துக்கே வயசாயிடிச்சி" என்பாள். கேரியர்காரர் முழிப்பார். அவ்வளவுதான்.

எங்கள் பேச்சு சினிமாவில் வந்தால் ரவுடி வாயில் வரும், இல்லையென்றால் கோமாளி வாயில். கல்லூரி விடுதியில் நான் அந்தப் பேச்சை ஒளித்துவைத்துக்கொண்டுதான் மூன்று வருடம் ஓட்டினேன். ஒரு நாள் அறைத்தோழி என் பெட்டியைச் சுற்றியிருந்த அந்தப் பத்திரிகைத் தாளைப் பிரித்து, அம்சாக்கா சொன்னதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தாள். அது அம்சாக்காவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பல்ல, அம்சாக்கா யாரைக் குத்திக்காட்டினாளோ அந்த ஆளைப் பார்த்துச் சிரித்தது. எங்கப்பா வரைந்தது என்று அப்போதும் நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

நைனாவுக்கு ஒரு குறை உண்டு. பலூனை அளந்து போடத் தெரியாது. முதலில் பலூனை வரைந்துவிட்டுப் பிறகு எழுத ஆரம்பிப்பார். கடைசி வார்த்தைக்கு இடம் இருக்காது. எழுத்துகள் சிறுத்து, நசுங்கி, பலூனின் ஓரத்தில் ஏறி நிற்கும். "கும்மிடிப்பூண்டி வண்டில கடைசியா ஏறுன ஆளு மாரி தொங்குது பாரு" என்பார் சலீம் மாமா.

கம்பெனியில் கழித்த பழைய பதிவேடுகளில் நைனா மற்ற ஓவியர்களின் படங்களை ஒட்டி வைத்திருந்தார். சுதந்திரத்துக்கு முந்தைய காலத்துக் கார்ட்டூன்கள் ஒரு பதிவேடு. தடித்த தூரிகைக் கோடு, அச்சுக் கட்டையில் மெல்லிய கோடு உடைந்துவிடும் என்பதால் அப்படி. வார இதழ்களின் தொந்திக்கார மாமாக்களும் பூரிக்கட்டை மாமிகளும் இன்னொன்று. மட்டமான காகிதத்தில் கைக்கடக்கமாக வந்த காமிக்ஸ் புத்தகங்களின் பக்கங்கள் மூன்றாவது. கடைசிப் பதிவேட்டில் இன்றைய இளைஞர்கள் கணினித் திரையில் வரைந்து இணையத்தில் போடுவதைக் கடையில் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தார். ஒரு படத்துக்காக வழக்கு வாங்கியவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களுடைய பக்கத்தில் மட்டும் வருகையைக் குறிக்கும் சிவப்பு மையால் 'ஆஜர்' என்று எழுதியிருப்பார்.

3

பொய் எப்படித் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். திட்டம் போட்டுச் செய்யவில்லை என்பதை யாராவது நம்பினால் நல்லது.

நுரையீரல் கெட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்த கடைசி வருடத்தில் நைனா ஸ்டாக் படங்கள் போட்டு வைத்தார். வரைய முடியாத வாரத்துக்கென்று ஓவியர்கள் முன்கூட்டியே போட்டுவைப்பது. அதில் வார்த்தை இருக்காது. அந்த வாரம் என்ன நடக்கும் என்று முன்னமே தெரியாதே. படமும் காலி பலூனும் மட்டும். முழங்கால் தண்ணீரில் கேரியர்காரர். மூடிய ரயில்வே கேட். கொடியில் சாம்பல் படிந்த வேட்டி. எண்ணூர் நெடுஞ்சாலையில் நகராமல் நிற்கும் கன்டெய்னர் லாரிகள். எங்கள் ஊரில் எந்த வாரத்துக்கும் எந்த வருடத்துக்கும் பொருந்துகிற படங்கள். அறுபதுக்கும் மேல் வரைந்திருக்கிறார். அம்மா போய் நாளாகிவிட்டது. தனியாக வீட்டில், ஆக்சிஜன் உருளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து.

நைனா இறந்தபோது நான் மட்டும் போனேன். சாதனாவிடம் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தோம். காரியங்கள் முடிந்து திரும்பி வந்தது ஒரு ஞாயிறு. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கைப்பேசியில் வழக்கம்போலச் சலீம் மாமா அனுப்பிய படம் வந்தது. ஸ்டாக்கில் ஒன்று. பலூனில் கணினி எழுத்தில் ஏதோ ஒரு வரி.

சாதனா எட்டிப் பார்த்தாள். "தாத்தா வரைஞ்சிட்டாரு. அப்போ சரியாயிடுச்சு இல்ல?"

நான் தலையாட்டினேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு பள்ளி தொடங்கியது. பிறகு அவள் பிறந்தநாள் வந்தது. நைனா போனில் பேசுவதே குறைவு; "சாப்ட்டியா, படம் பாத்தியா" என்ற இரண்டு கேள்விகளோடு மூச்சு வாங்கும். அதனால் போன் வராதது யாருக்கும் உறுத்தவில்லை. ஞாயிறுதோறும் படம் வந்தது. வாரம் முழுக்க டச்சு பேசும் குழந்தை, அன்று மட்டும் என் மடியில் உட்கார்ந்து அம்சாக்காவை எழுத்துக்கூட்டிப் படித்தாள். இதை நிறுத்தினால் அவளுடைய தமிழும் நின்றுபோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் டச்சு மோசம். நைனாவைப் பற்றிப் பேசும்போது "இருக்கிறார்", "இருந்தார்" எது வந்தாலும் இங்கே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதுவும் வசதியாகிவிட்டது.

படிவம் கொடுத்த மூன்றாம் நாள் மார்லீஸிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஓவியர் உயிரோடு இருப்பதால் வாரிசு கையொப்பம் செல்லாது, அவரே ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும், சிரமத்துக்கு வருந்துகிறோம். கூடவே, அச்செடுத்துக் கையெழுத்திட ஓர் ஒப்புதல் தாள்.

இரண்டு நாள் அந்தத் தாளைச் சமையலறை இழுப்பறையில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள், சாதனாவைப் பள்ளியில் விட்டு வந்து, நின்றபடியே 'ஷிப்டு' என்று போட்டேன். அந்த 'டு'வின் வாலை அவர் இழுப்பது போலவே இழுத்தேன். அச்சு அசலாக வந்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

4

அந்த வாரம் ஊரில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஆலை ஒன்றில் விடியற்காலையில் வாயு கசிந்துவிட்டது. கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கடற்கரைச் சாலையில் ஓடிய வீடியோக்கள் என் கைப்பேசிக்கும் வந்தன. அதில் என்னோடு படித்த ஒருத்தி, நைட்டியோடு, ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் ரேஷன் கார்டுமாக ஓடினாள்.

ஞாயிறு வந்த படத்தில் கேரியர்காரர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு வருடத்துக்கு முன்பே போட்ட படம் அது. ஆனால் பலூனில் அம்சாக்கா சொன்னது இது: "நிவாரணம் குடுக்கறாங்கன்னா சொல்லு சார், நாளிக்கும் மூச்சு முட்டும்."

சாதனா எழுத்துக்கூட்டத் தொடங்கினாள். "நி... வா..." நான் கைப்பேசியைப் பிடுங்கிவிட்டேன். அவள் மடியிலிருந்து இறங்கிப் போனாள்.

சலீம் மாமாவைக் கூப்பிட்டேன். அவரோடு பேசினால் என் பேச்சு தானாக ஊர் திரும்பிவிடும்.

"மாமா, இன்னா எழுதிக்கிறீங்க இந்த வாரம்?"

"ஏன் பாப்பா, சிரிப்பு வர்லியா?"

"ஓடுனவங்கள பாத்து அம்சாக்கா சிரிப்பாளா? கூடைய போட்டுட்டு அவளே ஓடிருப்பா மாமா."

மறுமுனையில் தேநீரை உறிஞ்சும் சத்தம் கேட்டது, நின்றது.

"நைனா இப்டி எழுதுவாரா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"உங்க நைனா எப்பம்மா எழுதுனான்?"

எனக்குப் புரியவில்லை.

"வார்த்த எல்லாம் என்துதான் பாப்பா. நீ பொறக்கறதுக்கு முன்னாலேந்து. அவன் கையி, என் வாயி. கொடத்துக்கு வயசாச்சின்னு சொன்னது எங்கம்மா. நான் அவங்கிட்ட சொன்னேன், அவன் எழுதிகினான். உங்கிட்ட சொல்லலியா அவன்? களவாணி!"

விடுதியில் என் தோழி படித்துச் சிரித்தது, ஏழு வயதுக் குழந்தைக்கு உன் தாத்தா சொன்னது என்று நான் சொல்லிக்கொடுத்தது, எல்லாம் வேறொருவர் வாய்.

"அதுக்கோசரம் அவன் சொம்மா எழுதுவான்னு நெனைக்காத" என்று மாமா தொடர்ந்தார். "புடிச்சாத்தான் எழுதுவான். புடிக்கலன்னா பலூன காலியா வெச்சு குடுத்தனுப்சிடுவான். ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்ல மாட்டான். நான் போன்ல கத்துவேன். டேய் பேமானி, பிரஸ்ல மிசினு ஓடிகினு கீது, இத்த எழுதி அனுப்புடான்னு. மறுக்கா காலியாத்தான் வரும். அப்பால நான் வேற சொல்வேன். மூணாவது தபா ஒத்துக்குவான். அந்த மூணாவதுதான் நல்லா கீதுன்னு ஜனம் சொல்லும்."

மறுமுனையில் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இப்ப வேணாம்னு சொல்ல ஆளு இல்ல பாப்பா. மொதோ தபா வாயில வர்ததே போய்டுது. எனக்கே தெர்து, நல்லால்ல. ஆனா அவன் படத்த போடாத ஒரு ஞாயித்துக்கெயம வந்துட்டா, அன்னிக்குத்தான் அவன் செத்தான்னு ஆய்டும். மரணச் செய்தி போட்டேன், இல்லன்னு சொல்லல. அவன் மெய்யான பேர்ல போட்டேன். ஷிப்டுதான் அவன்னு யாருக்குத் தெர்யும்? இன்னிக்கும் ஜனம் ஷிப்டு சாரு நல்லா கீறாரான்னு கேக்குது. கீறாருன்றேன்."

நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. கையொப்பத்தைப் பற்றியும் சொல்லவில்லை. அவரைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

"இன்னும் பதினோரு படம் கீது" என்றார். "அவன் பொண்ணு நீ. போடுன்னா போட்றேன். நிறுத்துன்னா நிறுத்திட்றேன். யோசிச்சு சொல்லு."

5

கண்காட்சி சனிக்கிழமை திறந்தது. சுவரில் இந்த நாட்டுப் பழைய ஓவியர் ஒருவரின் படம். போர்க்காலத்துச் செய்தித்தாளில் வந்தது. அதே தடித்த கோடு. நைனாவின் முதல் பதிவேட்டைத் திறந்த மாதிரி இருந்தது. இங்கேயும் மெல்லிய கோடு உடைந்திருக்கிறது, இங்கேயும் ஒருவர் அதை நினைத்துத் தூரிகையை அழுத்தியிருக்கிறார். பக்கத்தில் இப்போது வரைபவரின் படம், கோடு நூல்போல. ஒவ்வொன்றுக்கும் கீழே சின்ன அட்டை. இறந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள். இருப்பவர்களுக்கு ஓர் ஆண்டு, ஒரு கோடு, பிறகு வெற்றிடம்.

நைனாவுக்கும் கோடும் வெற்றிடமும்தான் இருந்தன.

இரண்டு படங்கள் வைத்திருந்தார்கள். ஒன்று தண்ணீர் லாரி. இன்னொன்று இந்த வருடத்தில் வந்தது, கணினி எழுத்து. சாதனா இரண்டுக்கும் நடுவில் நெடுநேரம் நின்றாள். பிறகு இரண்டாவதைக் காட்டினாள்.

"இது தாத்தா எழுதல."

"கம்ப்யூட்டர்ல எழுதறாரு கண்ணு. கை நடுங்குதில்ல."

"இல்ல. இதுல எழுத்து நசுங்கல." தண்ணீர் லாரிப் படத்தில் ஓரமாக ஏறி நின்ற கடைசி வார்த்தையை விரலால் தொடாமல் சுட்டினாள். "தாத்தான்னா நசுங்கும்."

நான் குனிந்தேன். அவள் சட்டைக் காலரைச் சரிசெய்தேன்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"நீ இந்தியாலேந்து வந்த அன்னிக்கே. கேட்டதுக்கு நீ தலைய மட்டும்தான் ஆட்டின."

"ஏம்மா என்கிட்ட கேக்கல?"

அவள் தோளைக் குலுக்கினாள், இங்குள்ள குழந்தைகள் குலுக்குவது போல. "நீ ஞாயித்துக்கிழமை மட்டும்தான் சிரிக்கற. கேட்டா அதுவும் போய்டும்."

ஒரு வருடமாக நான் அவளுக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். அவள் எனக்காக மடியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டியிருக்கிறாள். சுற்றிலும் ஆட்கள் காபிக் கோப்பையோடு படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவளைக் கட்டிக்கொண்டு, அவள் காதில், தமிழில், "தாத்தா செத்துப்போய்ட்டாரு" என்றேன். ஒரு வருடத்தில் இந்த வாக்கியத்தை முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதாள். நான் அவளுக்கு முன்பே தொடங்கியிருந்தேன்.

மார்லீஸிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கையொப்பமும் என்னுடையது என்றேன். என் டச்சில் அது குற்ற ஒப்புதல் போல இருந்ததா, மன்னிப்பு போல இருந்ததா தெரியவில்லை. அவர் மேசைக்குப் போய்ப் புதிய படிவம் ஒன்றை எடுத்து வந்து பேனாவோடு நீட்டினார். இரண்டாவது கட்டத்தை நிரப்பினேன். வாரிசு என்ற இடத்தில் என் பெயரில் கையெழுத்துப் போட்டேன்.

6

சலீம் மாமாவிடம் சொன்னேன்: "ஷிப்டு செத்துட்டாருன்னு போடுங்க மாமா. அந்தப் பேர்லயே போடுங்க. பதினோரு படத்தையும் போடுங்க. பலூன்ல மட்டும் ஒண்ணும் எழுதாதீங்க."

"காலியாவா? அம்சா ஏன் பேசலன்னு ஜனம் கேக்குமே."

"கேக்கட்டும்."

அடுத்த ஞாயிறு மூடிய ரயில்வே கேட் வந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் கேரியர்காரர், கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்சாக்கா. படத்துக்குக் கீழே கறுப்புக் கோட்டுக்குள் ஒரு வரிச் செய்தி. பெரிதாக்கிப் பார்த்தோம். பலூனுக்குள் வார்த்தை உட்கார நைனா மெல்லிசாகப் பென்சிலால் மூன்று கோடுகள் போட்டிருந்தார். நாலாவதற்கு இடமில்லை. "இப்பவும் பத்தாது" என்றாள் சாதனா. அவள் என் மடியில் உட்காரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்து நான் பயந்தேன், பிறகு பயப்பட வேண்டியதில்லை என்று நினைத்தேன், இன்னும் முடிவுக்கு வரவில்லை.

மாலையில் சலீம் மாமா கூப்பிட்டார்.

"பேஜாராப் போச்சி பாப்பா. காலீலேந்து போனு வெக்கவே இல்ல. டீக்கடைல ஆளுக்கொண்ணு சொல்லிகினு கீறானுங்க, அம்சா இன்னா சொல்லிருப்பான்னு. ஒருத்தன் சொல்றது இன்னொருத்தனுக்கு ஆவல, சண்ட." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நானும் ஒண்ணு வெச்சிகிறேன். போடறதுக்கு இல்ல. சொம்மா. சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"கேட்டு எப்ப சார் தொறப்பாங்க? என் மீனுக்கு நீச்சலே மறந்துடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். கேட்டில் காத்திருப்பவளின் கூடையில் இருப்பது செத்த மீன்தானே, அவளுக்கா அது தெரியாது? இதை நைனா ஒத்துக்கொண்டிருப்பாரா? பலூனில் அந்த மூன்று கோடுகளைப் பார்த்தேன். பதில் சொல்லாமல் இருந்தேன்.

"இன்னா பாப்பா, லைன்ல கீறியா?"

"கீறேன்."

"நல்லால்லியா?"

நான் மறுபடியும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுமுனையில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. மூக்கை உறிஞ்சினார். பிறகு, பல வருடங்களாக வேறொருவரிடம் சொல்லிப் பழகிய எரிச்சலோடு, "சரி, இரு. வேற சொல்றேன்" என்றார்.